திகதியை மறந்த கணினி

ரியூசனில் என்னோடு படிக்கும் சிநேகிதி அச்சுவேலியில் இருந்து வருபவள். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்துக்காக அவள் செய்த செயற்றிட்டம் முழுவதும் வீட்டுக் கணினியில்தான் இருந்தது. அது ஊர்ந்து ஊர்ந்து வேலை செய்ததால், கடையில் மதர்போட்டையும் ராமையும் மாற்றச் சொல்லிவிட்டார்களாம். வெங்காயம் விற்ற காசு அதற்கே போய்விடும் என்று அவளுடைய அம்மா கலங்கிப் போனார். "ஒருக்கா வந்து பாரடி" என்றாள். போனேன்.

முதலில் கண்ணில் பட்டது திகதி. பல வருடம் பின்னால் நின்றது. அதனால்தான் இணையப் பக்கங்களும் திறக்கவில்லை. திகதி பிழைத்தால் அவற்றின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி ஏற்காது. மதர்போட்டில் நாணயம் போல ஒரு பற்றரி இருக்கும். பெயர் சீ.ஆர். 2032, 3 வோல்ற்று. மின்சாரம் இல்லாதபோது மணிக்கூட்டை ஓட வைப்பது அதுதான். பல மதர்போட்களில் பயோஸ் அமைப்புகளைக் காப்பதும் அதுவே. ஐப்பசி, கார்த்திகை இடிக்குப் பயந்து நாம் பிளக்கைக் கழற்றி வைப்போம். பற்றரி செத்திருந்தால் கழற்றும்போதெல்லாம் கணினி எல்லாவற்றையும் மறந்துவிடும்.

டாஸ்க் மனேஜரில் நினைவகப் பகுதியைப் பார்த்தேன். ராமில் 3200 என்று அச்சிட்டிருக்க, ஓடியதோ 2133இல். ராமுக்குள் ஒரு சிறு சிப்பில் சில வேக அமைப்புகள் பதிந்திருக்கும். கணினி தானாக எடுப்பது பாதுகாப்பான, மெதுவான ஒன்றை. பெட்டியில் எழுதிய வேகம் வேண்டுமென்றால் பயோஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி. என்பதை நாமே இயக்க வேண்டும். (சில மென்பொருள்கள் 1600 என்று காட்டினால் பயப்படாதீர்கள். டீ.டீ.ஆர். ராம் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தரவை அனுப்பும்.)

புதுப் பற்றரி போட்டு, உற்சாகத்தில் 3200ஐத் தெரிவு செய்தேன். திரை கறுத்துவிட்டது. விசிறி மட்டும் சுற்றியது. சிநேகிதியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிளக்கைக் கழற்றி, பற்றரியையும் எடுத்து, ஐந்து நிமிடம் காத்திருந்தோம். மறுபடி போட்டதும், அல்ஹம்துலில்லாஹ், பழைய அமைப்போடு எழும்பியது.

பிழை என்னுடையதுதான். இரண்டாவது ராம் பிறகு வாங்கியது; அதில் 2666 என்று இருந்ததை நான் கழற்றிப் பார்க்கவில்லை. இரண்டு ராம் சேர்ந்து ஓடும்போது மெதுவானதற்கு ஏற்றபடிதான் வேகத்தை வைக்க வேண்டும். 2666 வைத்தோம், ஓடியது. ஒரு தடவைக்கு 8 பைற் என்று கணக்குப் பார்த்தால், ஒரு வழியில் செக்கனுக்குச் சுமார் 17 கிகாபைற்றாக இருந்தது 21 ஆகிறது. அதன் புரொசசர் ரைசன் 3 3200ஜீ. தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் ராமையே படத்துக்கும் பங்குபோடுவதால் இந்த வித்தியாசம் பயன்படும். பெயரிலுள்ள 3200க்கும் ராமின் 3200க்கும் சம்பந்தம் இல்லை.

ஆனாலும் ஊர்ந்ததற்குப் பெரிய காரணம் வேறு. அந்தப் புரொசசரின் அடிப்படை வேகம் 3.6 கிகாஹேட்ஸ், வேலை கொடுத்தால் 1.5ஐத் தாண்டவில்லை. விசிறிக்கு அடியில் செம்மண் தூசி பஞ்சு போல அடைத்திருந்தது. 95 பாகையை நெருங்கினால் அது தன்னைக் காக்கத் தானே வேகத்தைக் குறைக்கும். வர்ணம் பூசும் தூரிகையால் துடைத்தெடுத்தோம். அதன் பிறகே கணினி கணினி மாதிரி ஓடியது.

அன்றிரவு மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவில் போட்டு ஓடவிடச் சொன்னேன். ராமில் ஒரு பிற் பிழைத்தாலும் சேமிக்கும் கோப்பு பழுதாகலாம். காலையில் தொலைபேசியில் சொன்னாள், பிழை பூச்சியமாம். பற்றரிக்குச் சில நூறு ரூபாதான் முடிந்தது. செயற்றிட்டத்துக்கு இன்னொரு பிரதி எடுத்தாயா என்று கேட்டேன். பயோஸில் கை வைக்க முன்னமே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.