மேசைக்கடியில் இருக்கும் பெட்டி

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எஃபெக்ட்ஸ் பிரிவில் வேலை கிடைத்த செய்தியை முதல் வரியிலேயே எழுதியிருந்தாய். அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு. நகையை அடகு வைத்தாவது உனக்கொரு வொர்க்ஸ்டேஷன் வாங்கித்தர வீட்டில் தயாராக இருக்கிறார்கள் என்கிறாய். உடன் படித்தவர்களோ, ‘இந்தக் காலத்தில் அதெல்லாம் எதற்கு? நல்ல லேப்டாப் ஒன்று போதும், மிச்சத்தை கிளவுட் பார்த்துக்கொள்ளும்’ என்கிறார்களாம். நகை போகிற விஷயம் என்பதால் பொதுவாகப் பேசாமல் உன் தொழிலை வைத்தே பதில் சொல்கிறேன்.

ரெண்டருக்காக வொர்க்ஸ்டேஷன் தேடாதே. சிமுலேஷனுக்கு அது இல்லாமல் முடியாது.

ஒரு ஷாட்டில் 240 பிரேம் இருந்தால், ரெண்டர் செய்யும்போது ஒரு பிரேம் இன்னொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். 1995இல் வந்த ‘டாய் ஸ்டோரி’யை பிக்சார் 117 சன் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்துத்தான் ரெண்டர் செய்தது. அப்படியொரு வரிசையை இன்று மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க முடிகிறது. உன் ஸ்டூடியோவிலும் ரெண்டர் ஃபார்ம் இருக்கும். இதுவரைக்கும் உன் நண்பர்கள் சொல்வது சரி.

புகையும் நீரும் அப்படிப் பிரிந்து கொடுக்காது. 101ஆம் பிரேமின் புகை, 100ஆம் பிரேமின் புகையிலிருந்துதான் பிறக்கிறது. முந்தையது முடியாமல் அடுத்தது தொடங்காது. ஐம்பது கணினி கையில் இருந்தால் ஐம்பது விதமான புகையைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே புகையை ஐம்பது மடங்கு சீக்கிரம் வளர்க்க முடியாது. புகை ஓடும் கட்டத்தைத் துண்டுபோட்டுப் பல கணினிகளில் ஓட்டும் வழியும் உண்டு. ஆனால் துண்டுகளின் விளிம்புகள் ஒவ்வொரு அடியிலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும் என்பதால், மிச்சமாகும் நேரத்தில் பெரும்பகுதியை நெட்வொர்க் தின்றுவிடும். பெரும்பாலான ஷாட்டுகளுக்கு, போதுமான நினைவகத்தோடு இரவு முழுக்க முழுச் சுமையில் ஓடக்கூடிய ஒரே ஒரு பெட்டிதான் வேண்டியிருக்கிறது.

நினைவகம் எவ்வளவு வேண்டும் என்று காகிதத்தில் போட்டுப் பார். ஒரு வெடிப்பை 1000×1000×1000 வாக்ஸெல் கட்டத்தில் அடைக்கிறாய் என்று வை. 100 கோடி வாக்ஸெல். ஒவ்வொன்றுக்கும் 32 பிட்டில் ஓர் எண் எழுதினால் 4 ஜிபி. அடர்த்திக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று, தீக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று, திசைவேகத்துக்கு மூன்று. சால்வர் தன் வேலைக்கு எடுத்துக்கொள்வதைச் சேர்க்காமலே 28 ஜிபி வந்துவிட்டது. ‘விளிம்பில் இன்னும் நுணுக்கம் வேணும்’ என்று சூப்பர்வைசர் கேட்கிறார், நீ வாக்ஸெல் அளவைப் பாதியாக்குகிறாய். எட்டு மடங்கு, 224 ஜிபி. சின்ன வாக்ஸெலுக்குக் கால அடிகளும் சின்னதாக வேண்டியிருப்பதால் நேரம் எட்டு மடங்கோடு நிற்காது. புகை இருக்கும் இடத்தை மட்டும் சேமிக்கும் ஓபன்விடிபியை 2012இல் ட்ரீம்வொர்க்ஸ் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஹூடினியின் ஸ்பார்ஸ் சால்வரும் வெற்றிடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டும் இந்தச் சுமையை நிறையவே குறைத்திருக்கின்றன. ஆனால் திரை முழுக்கப் புழுதி கேட்கும் ஷாட்டில் வெற்றிடத்துக்கு எங்கே போவது?

‘சின்ன ரெசலூஷனில் ஓட்டிப் பார்த்துக் கடைசியில் ஒரு தடவை பெரிதாக்கினால் போதாதா’ என்று நீ கேட்பாய். இந்தத் தொழிலின் கடினமான இடமே அதுதான். வாக்ஸெலைச் சிறிதாக்கினால் அதே புகை கூர்மையாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதே. பெரிய வாக்ஸெலில் அழுந்திக் கிடந்த சுழல்கள் எழுந்துகொள்ளும், புகை வேறு பக்கம் சாயும், முன்பு மெதுவாக உருண்ட மேகம் படபடவென்று நடுங்கும். நேற்று ஒப்புதல் வாங்கிய அசைவு இன்று கையில் இல்லை. அதனால் முழு ரெசலூஷனில் எத்தனை முறை ஓட்டிப் பார்க்க முடிகிறது என்பதுதான் ஷாட்டின் தரத்தைத் தீர்மானிக்கிறது. மாலை ஆறு மணிக்குத் திருத்தம் வருகிறது, மறுநாள் காலை பத்து மணிக்கு ரிவ்யூ. அந்த இரவில் உன் பெட்டி ஒரு முறைதான் ஓட்டித்தரும் என்றால், கிடைத்ததைக் காட்டுவாய். மூன்று முறை ஓட்டித்தரும் என்றால், மூன்றில் எது சரி என்று நீயே தேர்ந்தெடுப்பாய். கண் பழகுவது அந்தத் தேர்வில்தான். வொர்க்ஸ்டேஷன் இன்றும் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு முதல் காரணம் இது.

லேப்டாப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆர்டிஎக்ஸ் 4090 என்ற பெயர் டெஸ்க்டாப் கார்டுக்கும் உண்டு, லேப்டாப் சிப்புக்கும் உண்டு. டெஸ்க்டாப் கார்டில் 16,384 கூடா கோர்கள், 24 ஜிபி நினைவகம், 450 வாட். லேப்டாப்பில் 9,728 கோர்கள், 16 ஜிபி, மிஞ்சிப்போனால் 175 வாட். பெயர்தான் ஒன்று. அந்த 175 வாட்டையும் சென்னை மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், ஒன்பது மணி நேரம் தொடர்ந்து அந்த மெல்லிய உடம்பு தாங்குமா என்று பார். சூடேறச் சூடேற இயந்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிட வேகத்தைக் காட்டும் விளம்பரங்களை நம்பாதே, மூன்றாவது மணி நேரத்தின் வேகம்தான் உனக்கு வேண்டியது. டெஸ்க்டாப்பிலும் எல்லாச் சிப்பும் ஒன்றல்ல. சாதாரண டெஸ்க்டாப் சிப்பில் நினைவகத்துக்கு இரண்டு சேனல், வொர்க்ஸ்டேஷனுக்கான த்ரெட்ரிப்பர் புரோவில் எட்டு. சிமுலேஷனில் கோர்கள் பாதி நேரம் தரவுக்காகக் காத்துக் கிடப்பதால், கோர் எண்ணிக்கைக்கு முன்னால் சேனல் எண்ணிக்கையைக் கேள்.

வொர்க்ஸ்டேஷன் காலம் முடிந்துவிட்டது என்று சொல்பவர்கள் சரித்திரத்தைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1993இல் ‘ஜுராசிக் பார்க்’ டைனோசர்களை ஓட வைத்த சிலிக்கான் கிராஃபிக்ஸ் 2006இலும் 2009இலும் திவால் மனு கொடுத்தது. சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் விழுங்கியது. உண்மைதான். தனக்கென்று ஒரு சிப், தனக்கென்று ஒரு யூனிக்ஸ் என்று பூட்டி வைத்து விற்ற விலை அதோடு போயிற்று. அந்தப் பெட்டிகள் செய்த வேலையைச் சாதாரண பிசியும் விளையாட்டுக்காகப் பிறந்த கிராஃபிக்ஸ் கார்டும் எடுத்துக்கொண்டன. ஆப்பிளும் 2013இல் மேக் புரோவை ஒரு சின்ன உருளைக்குள் அடக்கிப் பார்த்தது. பெரிய கார்டின் வெப்பத்துக்கு அதில் இடமில்லை என்று 2017இல் அவர்களே ஒப்புக்கொண்டு, 2019இல் மறுபடி ஒரு பெரிய கோபுரப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். அதில் 1.5 டிபி வரை ரேம் போட முடிந்தது. தேவை இல்லாமலா அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வந்தார்கள்?

அந்தப் பெட்டி உன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2020 ஊரடங்கில் பல ஸ்டூடியோக்கள் கலைஞர்களை வீட்டுக்கு அனுப்பின, இயந்திரங்களை அனுப்பவில்லை. எடிட்டில் இருக்கும் படத்தின் ஒரு பிரேம்கூட ஸ்டூடியோவின் சுவரைத் தாண்டக் கூடாது என்பது ஒப்பந்தம். பெட்டி அங்கேயே ஓடியது, அதன் திரை மட்டும் இணையம் வழியே வீட்டுக்கு வந்தது. வேலை நடந்தது. ஆனால் விநாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் ஒரு பிரேமின் ஆயுள் சுமார் 42 மில்லிசெகண்ட். இணைப்பு அதைவிடத் தாமதித்தால், பென் போகும் இடத்துக்கும் கோடு விழும் இடத்துக்கும் நடுவில் ஒரு பிரேம் நுழைந்துவிடுகிறது. ரோட்டோ, பெயின்ட் செய்பவர்களை இது வாட்டும். உன் பிரிவுக்கு அவ்வளவு வலிக்காது.

கிளவுடின் இன்னொரு தடையை யாரும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை. பெரிய சிமுலேஷன் ஒன்று சேமித்துவைக்கும் கேஷ் ஒரு டிபியைத் தொடுவது சாதாரணம். 100 எம்பிபிஎஸ் இணைப்பில், ஒரு துளி தடங்கல் இல்லாவிட்டாலும், ஒரு டிபி கீழே இறங்க 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தரவு இருக்கும் இடத்தில்தான் வேலை இருக்க வேண்டும்.

இசிசி ரேம் பற்றியும் கேட்டிருந்தாய். 2003 தேர்தலில், பிரஸ்ஸல்ஸின் ஸ்கார்பேக் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு இருக்க முடியாத அளவுக்கு ஓட்டுகள் விழுந்திருந்தன. எண்ணிப் பார்த்தால் சரியாக 4096 கூடுதல். இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. நினைவகத்தில் ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்பதே ஆராய்ந்தவர்கள் எட்டிய விளக்கம். இசிசி அப்படிப் புரண்ட ஒரு பிட்டைத் திருத்திவிடும், இரண்டு புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். டிடிஆர்5 ரேமில் ‘உள்ளேயே இசிசி’ என்று விற்பது சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும் பார்த்துக்கொள்ளும். வழியில் நேர்வதை அது காக்காது. பாலத்தின் தாங்குதிறனையோ ஒரு நோயாளியின் ஸ்கேனையோ கணக்கிடுபவர்கள் இசிசி இல்லாமல் உட்காரவே கூடாது என்பேன். சிமுலேஷனிலும் 80ஆம் பிரேமில் புரண்ட பிட் அதற்குப் பின்னால் வரும் எல்லாப் பிரேமுக்குள்ளும் போய்ச் சேரும். ஆனால் அது புகை, பார்த்துத் திருத்தலாம். செக்பாயின்ட் சேமித்துக்கொண்டே போனால் முழு இரவும் வீணாகாது. பணம் கொஞ்சமாக இருக்கும்போது அதை இசிசியில் போடாதே. சான்றிதழ் பெற்ற விலையுயர்ந்த கார்டுகளுக்கும் இதையே சொல்வேன். கேட்டியா போன்ற பொறியியல் மென்பொருளில் உட்காருபவர்களுக்கு அந்தச் சான்றிதழ் உயிர். ஹூடினிக்கும் பிளெண்டருக்கும் சாதாரண ஜிஃபோர்ஸ் போதும். அந்த விலையுயர்ந்த வரிசையில் உனக்கு என்றைக்காவது ஆசை வர வேண்டியது நினைவகத்தின் மேல்தான்: ஆர்டிஎக்ஸ் 5090இல் 32 ஜிபி, 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் புரோ 6000 பிளாக்வெல்லில் 96 ஜிபி.

இனி நகைக்கு வருகிறேன். அடகு வைக்க வேண்டாம். ஸ்டூடியோ ஷாட்டை நீ வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, ஆகவே அந்த வேலைக்கு வேண்டிய பெட்டியைத் தர வேண்டியது ஸ்டூடியோதான். அங்கே உனக்கு நினைவகம் போதவில்லை என்றால் தயங்காமல், கணக்கோடு எழுதிக் கேள். வீட்டில் வேண்டியது கற்றுக்கொள்ளவும் ஷோரீல் செய்யவும் ஒரு நடுத்தரப் பெட்டி. சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்யச் சொல்: 64 ஜிபி ரேம், அதை இரட்டிப்பாக்க மதர்போர்டில் காலி ஸ்லாட்டுகள், 16 ஜிபி நினைவகம் உள்ள கார்டு, பின்னால் பெரிய கார்டு மாட்டினாலும் தாங்கும் பவர் சப்ளை, காற்றோட்டமான கேபினெட். வீட்டில் டிவிக்கு வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தரும், முழுச் சுமையில் அது உன்னைக் கைவிடும். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பழைய ஸியான் பெட்டிகளும் மலிவாகக் கிடைக்கும். கோர் நிறைய இருக்கிறதே என்று மயங்காதே. ஒரே கோரில் ஓடும் வேலைகளில் அது இன்றைய நடுத்தர சிப்புக்குப் பின்னால் நிற்கும். அதன் பவர் சப்ளை பழுதானால், அதே அளவில், அதே கனெக்டரோடு வேறொன்று தேடி அலைய வேண்டும்.

‘ஃப்ளோ’ பார்த்தாயா? 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியா படம். முழுக்க பிளெண்டரில் செய்தது. ரெண்டர் ஃபார்ம் இல்லை. இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் தன் சொந்தக் கணினியிலேயே, உடனுக்குடன் படம் தரும் பிளெண்டரின் ஈவி ரெண்டரரில் கடைசி ரெண்டரை முடித்தார். கையிலிருக்கும் பெட்டி எதைச் சுகமாகச் செய்யுமோ அதைச் சுற்றிப் படத்தின் தோற்றத்தையே அவர் அமைத்துக்கொண்டார். உன் ஷோரீலையும் அப்படி யோசி. நகரம் இடிந்து விழும் காட்சி எல்லோருடைய ரீலிலும் இருக்கிறது. ஒரு கொல்லன் உலையின் பொறி, ஒரு தேநீர்க் குவளையின் ஆவி இரண்டும் உன் 16 ஜிபிக்குள் முழு நுணுக்கத்தோடு அடங்கும். பார்ப்பவரும் அதில்தான் உன் கையை அடையாளம் காண்பார்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய். கல்லூரி இயந்திரத்தில் உன் நெருப்பு சிமுலேஷனை 0.1, 0.05, 0.025 என்று மூன்று வாக்ஸெல் அளவுகளில் ஓட்டு. ஒவ்வொன்றிலும் ரேம் எவ்வளவு உயரம் போனது, கார்டின் நினைவகம் எவ்வளவு நிறைந்தது, ஐம்பதாவது பிரேமுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து எனக்கு அனுப்பு. எந்தக் கார்டு, எத்தனை ஜிபி என்பதை அந்த எண்களை வைத்துக்கொண்டு பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்