டாரட் கட்டுக்கு ஒரு மத்தியஸ்தர்

அன்புள்ள இளம் ஓவியருக்கு,

குறி பார்க்கும் டாரட் கட்டில் 78 சீட்டுகள். அவற்றில் 22 பெரிய சீட்டுகள். துறவி, பேரரசி, நீதி, முட்டாள் என்று பலவகை மனிதர்களுக்கு அங்கே ஏற்கெனவே இடம் கொடுத்தாகிவிட்டது. புதிதாக ஒருவரைச் சேர்க்க நினைப்பவர் பெரும்பாலும் ஒரு குணத்தைத் தேடிப் போகிறார்: நேர்மை, பொறுமை, துணிவு. படம் அங்கேயே உயிரை விட்டுவிடுகிறது. நேர்மையை எப்படி வரைவது? நேர்மையானவர் கையால் செய்யும் ஒரு காரியம் கிடைத்தால்தான் தூரிகைக்கு வேலை.

உத்திரமேரூர்க்காரர் அதற்கு வெகுதூரம் அலைய வேண்டாம். அந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை நுணுக்கமாகச் சொல்கின்றன. ஊரில் 30 குடும்புகள், அதாவது வட்டாரப் பிரிவுகள். தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலையை எடுத்துத் தருவான். அந்த ஓலையை மத்தியஸ்தர் எப்படி வாங்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு: ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில். வாங்கியதை அவர் வாசிப்பார். கூடியிருக்கும் நம்பிமாரும், அதாவது கோயில் பூசகர்களும், வாசிப்பார்கள்.

ஓலையை யாரும் மாற்றிவிடக்கூடாது என்ற ஊரின் கவலை முழுவதும் அந்த ஐந்து விரல்களில் இருக்கிறது. எவ்வளவு அருமையான கட்டளை! நீதிச் சீட்டில் இருப்பவர் வாளும் தராசும் ஏந்தித் தீர்ப்புச் சொல்லக் காத்திருக்கிறார். மத்தியஸ்தருக்குத் தீர்ப்பே கிடையாது. தன்மேல் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் நடந்துகொள்வதுதான் அவர் வேலை. அப்படி ஓர் ஆள் டாரட் கட்டில் இல்லை. புதுச் சீட்டில் அவரை வரையுங்கள்.

சீட்டு தலைகீழாகவும் விழும் என்பதால், வரையும்போதே தாளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நேராக இருக்கையில் ஓலை உள்ளங்கையில் தங்கும். திருப்பினால் நழுவி விழும். அந்தத் தலைகீழ் நிலைக்கான பொருளும் அதே கல்வெட்டில் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் குடத்தில் இடமில்லை. இன்னொன்று: நம்மூரில் வெறுங்கையை விரித்தால் ‘என்னால் ஆகாது’ என்று அர்த்தமாகிவிடும். ஓலை பளிச்சென்று தெரிய வேண்டும்.

பெருமிதத்தில் ஒன்றை மறந்துவிடக்கூடாது. குடவோலை நடத்தியது அந்தணர் ஊர்ச் சபை. 35 முதல் 70 வயதுக்குள் இருந்து, வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கே ஓலை. வயலில் இறங்கி உழைத்தவர்களுக்கு அதில் பங்கில்லை. சீட்டின் ஓரத்தில், சபை கூடும் மண்டபத்துக்கு வெளியே அவர்களில் ஒருவரையாவது நிறுத்துங்கள்.

சீட்டுக்கு என்ன எண் போடுவது என்று குழம்ப வேண்டாம். பழைய மார்செய் கட்டில் 8 ஆக இருந்த நீதியே, 1909-இல் வந்த ரைடர்–வெய்ட் கட்டில் 11 ஆகிவிட்டது. அந்தக் கட்டை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். கிடைத்த கூலி சொற்பம். கட்டுக்கு நிலைத்த பெயரோ பதிப்பாளருடையதும், வரையச் சொன்ன வெய்ட்டுடையதும். ஆனாலும் படங்களின் மூலையில் அவர் தன் முதலெழுத்துகளைப் பின்னி வைத்திருந்தார். இன்று அவரை அடையாளம் காட்டுவது அதுதான். நீங்களும் படத்தில் கையெழுத்துப் போடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஊதியத்தையும் உரிமையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.