படுக்க மனமில்லையா?

நள்ளிரவு கடந்தும் தில்லி விடுதியறைகளில் விளக்கு அணைவதில்லை. படிப்பு முடிந்தது, படுக்கத்தான் மனமில்லை. பகல் ஆய்வுக்கூடத்துக்கு, இரவாவது நமக்கு என்னும் ஏக்கம் அது, சோம்பலன்று.

நண்பர்களே, உடலினுள் ஏறத்தாழ 24 மணிநேரக் கடிகாரமொன்று ஓடுகிறது. அதன் மரபணு நுட்பத்தைக் கண்ட ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் 2017-இல் நோபெல் பரிசு பெற்றனர். இரவு வெளிச்சம் அக்கடிகாரத்தைப் பின்னுக்கிழுக்கும். காலை வெயில் முன்னுக்குத் தள்ளும். ஆகவே படுக்கும் நேரத்தோடு மல்லுக்கு நில்லாது, எழும் நேரத்தை உறுதியாக்குங்கள், ஞாயிறன்றும். சனவரியில் தில்லிக் கதிரவன் 7 மணிக்கு மேல்தான் எழுகிறான். அவனோடு எழுந்து வெளியே நடந்தால் போதும்.

மாலைக் காப்பி? நமக்குக் கசக்கும் செய்திதான்: 5 மணி நேரம் கழிந்தும் பலருக்கு ஏறத்தாழப் பாதிக் காஃபீன் உடலில் நிற்கும். உறக்கம் வராவிடில் புரளாதீர்கள். எழுந்து மங்கிய ஒளியில் அமர்ந்து, கண் சொக்கியபின் திரும்புங்கள்.

அந்த ஏக்கத்துக்கோ, இரவுணவுக்கு முன் அரைமணியேனும் நமக்கென்று ஒதுக்க வேண்டும். ஆய்வுக்கூடம் அதுவரை காத்திருக்கும்.