ஆங்கிலம் பழகுவோம்: பதருக்குள் ஒரு நெல்மணி

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் ஒரு வாசகத்தை இம்முறை பார்ப்போம்: ‘தெயர் இஸ் எ கிரெயின் ஒவ் ட்ரூத் இன் இட்.’ ‘கிரெயின்’ என்றால் தானிய மணி; ‘ட்ரூத்’ என்றால் உண்மை. அதில் ஒரு மணியளவு உண்மை உண்டு என்பது பொருள். களவெட்டியில் பொலி தூற்றிய உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒருவர் சொன்னது பெரும்பாலும் பிழை, ஆனாலும் முழுப் பொய்யல்ல என்னுமிடத்தில் இதைச் சொல்வார்கள்.

‘ஹாஃப் ட்ரூத்’ வேறு. அது அரை உண்மை. சொன்னதெல்லாம் சரியாக இருக்கும். சொல்லாமல் விட்டதில்தான் ஏமாற்று. ஆங்கிலேயரின் நீதிமன்றச் சத்தியத்தில் ‘உண்மை’ என்பதோடு நிறுத்தாமல் ‘முழு உண்மை’ என்றும் சொல்ல வைப்பது இதற்காகவே.

சொறிக்கல்முனைப் பக்கத்தில் நம் காதில் விழும் பேச்சொன்றை எடுப்போம். “பத்து வருடம் மற்றவன் வேளாண்மை செய்தால் காணி அவனுக்குத்தான்.” இடம்பெயர்ந்த பலர் இதை நம்பியே வயலை மறந்துவிடுகிறார்கள்.

இதிலுள்ள மணி எது? 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். தனியார் காணியொன்றை, சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல், இடையூறின்றி 10 வருடம் ஆண்டவர் நீதிமன்றத்தில் உரித்துக் கேட்கலாம். மற்றதெல்லாம் பதர். குத்தகைக்கோ உங்கள் சம்மதத்தோடோ செய்தவர் அப்படிக் கேட்க முடியாது. அரச காணிக்கு எதிராக அந்தப் பத்து வருடக் கணக்கே இல்லை. ஆகவே 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த பெர்மிற் காணியை எவரும் இவ்வழியால் தமதாக்க இயலாது. ஆனால் நிபந்தனை மீறப்பட்டதென்று அறிவித்தல் அனுப்பி, விசாரித்து, பெர்மிற்றை அரசு நீக்கலாம். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் ‘ஹாஃப் ட்ரூத்’ சொன்னவனாவேன்!

1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் வழக்குத் தொடர முடியாதிருந்தோருக்காக 2016இல் தனிச் சட்டமொன்று வந்தது. அதற்கும் காலவரையறை இருந்தது. ஆதலால் கையிலுள்ள கடதாசிகளோடு சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணியிடம் உங்கள் காணியின் நிலையைக் கேட்டறியுங்கள்.

பயிற்சி: “உறுதி எரிந்துவிட்டது, காணியும் போய்விட்டது.” இதில் மணி எவ்வளவு, பதர் எவ்வளவு? பதியப்பட்ட உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம் என்பதையும் நினைத்து விடை எழுதுங்கள்.