தலையில் பட்ட அடியும் அதன்பின் வரும் காயமும்



அஸர் தொழுகை முடிந்ததும் மட்டையும் பந்துமாக ஓடும் பிள்ளைகள் நம் தெருக்களில் நிறைய. கிராமத்துப் பக்கம் போனால் கபடி. நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடப்பதைப் பார்த்த பிறகு லெதர் பந்து ஆசையும் வந்துவிட்டது. விளையாடட்டும், உடம்புக்கு நல்லதுதான். ஆனால் தலையில் அடிபட்டால் தண்ணீர் தெளித்து, "ஒண்ணுமில்லடா, எந்திரி" என்று மறுபடி இறக்கிவிடுகிறோமே, அது சரியா?

மண்டை ஓட்டுக்குள் மூளை நீரில் மிதக்கிறது. பலமான அடியில் அது குலுங்கி, கொஞ்ச காலத்துக்கு அதன் வேலை தடுமாறும். மருத்துவர்கள் இதைக் கன்கஷன் என்பார்கள், மூளை அதிர்வு. மயக்கம் போட்டே ஆகவேண்டும் என்பதில்லை. ஸ்கேனிலும் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஹெல்மெட் எலும்பைக் காக்கும். குலுக்கலை முழுவதும் தடுக்காது.

2020 டிசம்பர் 4, கான்பெராவில் ஆஸ்திரேலியாவுடன் டி20. நம் சேலத்து நடராஜனுக்கு முதல் டி20 ஆட்டம் அதுதான். கடைசி ஓவரில் ஸ்டார்க் வீசிய பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அவர் ஆட்டத்தைத் தொடர்ந்து 44 ரன்னோடு வந்தார். அறைக்கு வந்த பிறகுதான் தலைசுற்றலைச் சொன்னார். அவருக்குப் பதிலாகச் சாஹல் பந்து வீசினார். இப்படி மாற்று வீரரை இறக்க 2019 ஆகஸ்ட் முதல் ஐ.சி.சி. விதியே இருக்கிறது. அங்கே மருத்துவர் பக்கத்தில் இருக்கிறார். நம் பிள்ளைக்கு நாம்தான்.

பலரும் அறியாத ஒன்று உண்டு. தலைவலி போய்விட்டது என்று ஆடப்போகிறவனுக்கு அடுத்த காயம் காலில் வரலாம். ஐரோப்பாவின் முன்னணி கால்பந்து வீரர்களை ஆராய்ந்து 2014-இல் வந்த முடிவு: மூளை அதிர்வுக்குப் பின் ஓராண்டில் அடுத்த காயம் வரும் அபாயம், வேறு காயம் பட்டவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம். காலை எப்போது, எங்கே ஊன்றுவது என்று சொல்வது மூளைதானே. அந்தக் கட்டளை இமைப்பொழுது பிந்தினாலும் கணுக்கால் பிசகும், முட்டி ஜவ்வு கிழியும் என்பது ஆய்வாளர்கள் கருதும் காரணம். முதல் அடி ஆறும் முன் தலையிலேயே இன்னொரு அடி பட்டால் மூளை வீங்கக்கூடும். அரிதுதான், ஆனால் இளம் வயதினரின் உயிரையே பறித்திருக்கிறது.

அதனால் அடிபட்ட அன்று மீண்டும் ஆடவே கூடாது. சைக்கிள், பைக்கும் வேண்டாம். ஓரிரு நாள் ஓய்வு, மொபைலும் குறைவாக. பிறகு நடை, மெல்லோட்டம், தனிப் பயிற்சி என்று படிப்படியாக, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள். தொந்தரவு கூடினால் ஒரு படி கீழே. முதலில் பள்ளிக்கூடப் பாடம், பிறகுதான் ஆட்டம். அதுவும் மருத்துவர் சரி என்ற பின். சிறுவர்களுக்கு நான்கு வாரம்கூட ஆகலாம். ஸஜ்தாவில் குனியும்போது தலை சுற்றினால் உட்கார்ந்து சைகையால் தொழ மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108. 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் அருகில் நின்று ஃபீல்டிங் செய்த ராமன் லாம்பாவின் தலையில் பந்து பட்டது. அவர் தானே நடந்துதான் வெளியே போனார். மூன்றாம் நாள் மரணம்.

அத்தாமார்களுக்கு ஒரு வார்த்தை. "இனி கிரவுண்டு பக்கமே போகாதே" என்று திட்டினால் அடுத்த முறை பையன் அடிபட்டதையே மறைப்பான். அடிபட்ட தேதியை எழுதி வைத்து, பள்ளியின் பி.டி. ஆசிரியரிடமும் டீம் கேப்டனிடமும் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.