சென்னை நிலக்காட்சிகளை ஃபிலிமில் எடுத்துப் பெரிதாக்க: எதைத் தேர்ந்தெடுப்பது?

ஃபிலிமில் நிலக்காட்சி எடுப்பவர் முடிவு செய்ய வேண்டியவை நான்கு: ஃபிலிம் அளவு, ஃபிலிம் வகை, ஸ்கேன் முறை, பிரிண்ட் அளவு. பெரும்பாலும் இந்த வரிசையில்தான் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. கேமராவை முதலில் வாங்கிவிட்டு, படம் எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கடைசியில் பார்க்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுவதே சரி. சுவரில் மாட்டப்போகும் அளவு முதலில் முடிவானால், மற்ற மூன்றும் கணக்குப் போட்டாற்போல் கிடைத்துவிடும்; பணமும் வீணாகாது.

பிரிண்ட் அளவு

கையில் பிடித்து 30 செ.மீ. தூரத்தில் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 60 செ.மீ. தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 போதும். ஆனால் நிலக்காட்சியை யாரும் தள்ளி நின்று மட்டும் பார்ப்பதில்லை. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்தின் படம் என்றால், நடுவிலுள்ள நீராழி மண்டபத்தின் தூண்களைப் பார்க்க அருகில் வந்துவிடுவார்கள். எனவே 200-ஐக் குறைந்தபட்சமாகவும் 300-ஐ இலக்காகவும் கொள்ளலாம். 300 என்றால் 8×12 அங்குலப் படத்துக்கு 2,400×3,600 பிக்சல், 12×18-க்கு 3,600×5,400, 16×20-க்கு 4,800×6,000 பிக்சல் தேவை.

ஃபிலிம் அளவு: 35 மி.மீ. அல்லது 120

35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃபிரேம் 24×36 மி.மீ.; ஒரு ரோலில் 36 படங்கள். 120 ரோலில் கேமராவைப் பொறுத்து அளவு மாறும்: 6×4.5 என்றால் 15 அல்லது 16 படம், 6×6 என்றால் 12, 6×7 என்றால் 10. 6×7 நெகட்டிவின் பரப்பு 35 மி.மீ. நெகட்டிவைப் போல நாலரை மடங்கு.

இந்த வித்தியாசம் பெரிய பிரிண்டில்தான் தெரியும். அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலத்தை விடியற்காலையில் எடுத்து 16×20 பிரிண்ட் போடுவதாக வைத்துக்கொள்ளலாம். 35 மி.மீ. நெகட்டிவை ஏறக்குறைய 17 மடங்கு பெரிதாக்க வேண்டும். 6×7 நெகட்டிவுக்கு 7 மடங்கே போதும். 17 மடங்கில் வானத்தின் மென்மையான பகுதிகளில் கிரெய்ன் எழும்பி நிற்கும். பாலத்தின் தூண்விளிம்பு குழையும். 7 மடங்கில் கான்கிரீட்டின் உப்பரித்த சொரசொரப்பு வரை அப்படியே வரும். அதே படம் 8×12-இல் போதுமென்றால் 35 மி.மீ. நெகட்டிவே நன்றாக ஈடுகொடுக்கும். கேமராவின் எடையும் செலவும் மிச்சம்.

செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1960-இல் ஊட்டியில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. அந்த ஆலை நின்றுபோன பிறகு இறக்குமதியையே நம்பியிருக்க வேண்டியுள்ளது. ரோலுக்கு 10 படம் என்பது ஒவ்வொரு ஃபிரேமையும் யோசித்து எடுக்க வைக்கும். கற்றுக்கொள்ளும் கட்டத்தில் 36 படம் தரும் ஃபிலிமே நல்லது.

ஃபிலிம் வகை: கலர் நெகட்டிவ், ஸ்லைடு, கறுப்பு வெள்ளை

சென்னையின் வெளிச்சம் சீக்கிரம் கடுமையாகிவிடும். காலை ஒன்பது மணிக்கு மேல் பெசன்ட் நகர் கடற்கரையில் மணலுக்கும் படகின் நிழலுக்கும் இடையிலான வித்தியாசம் மிகப் பெரியது.

கலர் நெகட்டிவ் இந்த வித்தியாசத்தைத் தாங்கும். வெளிச்சம் ஓரிரு ஸ்டாப் கூடினாலும் படம் கெடாது. குறைந்தால்தான் நிழல்கள் சேறாகும். ஐயம் இருந்தால் கூட்டிக் கொடுப்பதே பாதுகாப்பு. கோடாக் எக்டார் 100 நுண்ணிய கிரெய்னும் அடர்ந்த நிறமும் கொண்டது. போர்ட்ரா 400 மென்மையானது, மங்கிய வெளிச்சத்துக்கு உதவும்.

ஸ்லைடு ஃபிலிம் ஏறத்தாழ ஐந்து ஸ்டாப் வித்தியாசத்தையே பிடிக்கும். அரை ஸ்டாப் தவறினாலும் தெரிந்துவிடும். சூரியன் எழும்முன் அடிவானம், மழைக்குப் பின் வரும் மேகமூட்டம் போன்ற சமமான வெளிச்சத்தில் அதன் நிறத்துக்கு இணையில்லை. ஆனால் இதற்கு வேண்டிய இ-6 முறையில் கழுவித் தரும் லேப் எது என்பதை ரோல் வாங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கறுப்பு வெள்ளை, வெளுத்த வானத்தைக் கையாளத் தோதானது. மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் நீலம் இருண்டு, மேகமும் கோபுரமும் பிரிந்து தெரியும். கபாலீஸ்வரர் கோயிலில் குளம் மேற்குப் பக்கம் இருப்பதால், குளக்கரையிலிருந்து பார்க்கும்போது மாலை வெயில்தான் கோபுரத்தின் முகத்தில் விழும். காலையில் அது எதிர்வெளிச்சம். நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் உணர்திறன் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் ஃபிலிமில் மீட்டர் 10 விநாடி காட்டினால் சுமார் 20 விநாடி கொடுக்க வேண்டும்.

கழுவுதல்: லேபிலா, வீட்டிலா

வீட்டில் கழுவ கறுப்பு வெள்ளைதான் எளிது என்பது பொதுவான எண்ணம். சென்னையில் அதற்கு ஒரு தடை உண்டு. கறுப்பு வெள்ளைக்கான வழக்கமான வெப்பநிலை 20 டிகிரி. கோடையில் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டும். ஐஸ் கட்டிகள் போட்ட தொட்டியில் 24 டிகிரிக்கு இறக்கி, நேரத்தைக் குறைத்துக் கழுவலாம்: 20 டிகிரியில் 10 நிமிடம் என்றால் 24-இல் ஏறக்குறைய 7 நிமிடம். கலர் நெகட்டிவுக்கான சி-41 முறைக்கு வேண்டியது 37.8 டிகிரி, இந்த ஊரில் தண்ணீரைச் சற்றே சூடாக்கினால் போதும். ஆனால் அந்த வெப்பநிலை கொஞ்சமும் பிசகக் கூடாது. மாதம் ஒரு ரோல் எடுப்பவருக்கு லேபே சிக்கனம்.

ஸ்கேன்: உண்மையான திறன் எவ்வளவு

பெரிதாக்கலின் தரம் தீர்மானமாவது இங்கேதான். ஸ்கேனர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். எப்சன் வி600-க்கு அங்குலத்துக்கு 6,400 பிக்சல் என்று போட்டிருந்தாலும், சோதனைகளில் உண்மையாகக் கிடைப்பது சுமார் 1,500. வி850-இல் சுமார் 2,300. 35 மி.மீ.க்கு மட்டுமான பிளஸ்டெக் 8200ஐ-இல் 7,200 என்ற எண்ணுக்கு எதிராக ஏறத்தாழ 3,200 கிடைக்கும்.

35 மி.மீ. நெகட்டிவிலிருந்து 16×20 பிரிண்டை 300 பிக்சலில் போட 5,080 தேவை. இந்த மூன்றில் எதனாலும் அது முடியாது. 200-க்கு இறங்கினாலும் சுமார் 3,400 வேண்டும். அதே பிரிண்டுக்கு 6×7 நெகட்டிவில் 2,180 போதும். வி850 அதைத் தந்துவிடும். 6×7 கேமரா வாங்கிவிட்டு லேபில் சிறிய ஜேபெக் ஸ்கேன் வாங்கினால், கேமராவுக்குக் கொடுத்த பணத்துக்குப் பலனில்லை.

ஸ்கேனர் இல்லாத இன்னொரு வழி, டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு நெகட்டிவைப் படமெடுப்பது. 24 மெகாபிக்சல் கேமராவில் 35 மி.மீ. ஃபிரேம் முழுதாக நிரம்பினால் 4,200 அளவுக்கு வரும். 120 நெகட்டிவைப் பகுதி பகுதியாக எடுத்து இணைக்கலாம். கேமரா ஏற்கெனவே இருப்பவருக்கு இதுவே மலிவான வழி. நல்ல நிறம் தரும் எல்.இ.டி. விளக்கும், நெகட்டிவ் வளையாமல் பிடிக்கும் ஹோல்டரும் அவசியம். தூசியை அகச்சிவப்புக் கதிரால் நீக்கும் வசதி சில ஸ்கேனர்களில் மட்டுமே உண்டு. அதுவும் வெள்ளி தங்கியிருக்கும் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வேலை செய்யாது. அங்கே கையால்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

கணினியில் பெரிதாக்குதல்

16-பிட் டிஃப் கோப்பாக, ஸ்கேனரின் ஷார்ப்பன் வசதியை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்ய வேண்டும். தூசி நீக்கம், நிறம், அளவு, கடைசியில் ஷார்ப்பன் என்பதே வரிசை. சாதாரண பைகியூபிக் முறையில் ஒன்றரை மடங்குவரை பெரிதாக்கினால் உறுத்தாது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் அதற்கு மேலும் போகும். ஆனால் அவை கிரெய்னை ஓலைக்கீற்றாகவும், கோபுரச் சிற்பத்தின் மங்கலான முகத்தை வேறொரு முகமாகவும் மாற்றிவிடக்கூடும். நெகட்டிவில் இல்லாத விவரத்தை நேர்மையாகக் கொண்டுவர எந்த மென்பொருளாலும் முடியாது.

எதற்கு எது

8×12 வரை போதுமென்றால்: 35 மி.மீ. கலர் நெகட்டிவ், லேபில் கழுவிப் பெரிய அளவு ஸ்கேன், அங்கேயே பிரிண்ட். 12×18 வேண்டுமென்றால்: 35 மி.மீ.யில் எக்டார் போன்ற நுண்கிரெய்ன் ஃபிலிம், கட்டாயம் டிரைபாட், பிளஸ்டெக் அல்லது கேமரா ஸ்கேன். 16×20-உம் அதற்கு மேலும் என்றால்: 120 ஃபிலிம், வி850 அல்லது பகுதிகளை இணைத்த கேமரா ஸ்கேன், பருத்தித் தாளில் பிக்மென்ட் இங்க்ஜெட் பிரிண்ட்.

எதைத் தேர்ந்தாலும் கடலோரக் காற்றின் ஈரத்திலிருந்து நெகட்டிவைக் காக்க வேண்டும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா பூஞ்சையைத் தடுக்கும். பிரிண்ட் கண்ணாடியில் ஒட்டாதபடி இடையில் மவுண்ட் போர்டு வைத்துச் சட்டமிட வேண்டும்.