குதிரையின் இருபுறமும் நடந்தவர்கள்

கள்ளக்குறிச்சி

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகளுக்கு, பெரியப்பா ஸ்தோத்திரத்துடன் எழுதுவது.

வெள்ளிமலையிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. உன் கணவரை அடக்கம் செய்து ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே, பகலெல்லாம் மலைப்பள்ளியில் பாடம் சொல்லி, மாலையில் குழந்தைகள் இருவருக்கும் உலை வைத்து இறக்கி, இரவில் ஜெபிக்க முழங்காலிட்டால் வார்த்தை வராமல் அப்படியே உறங்கிப் போவதாகவும், துக்கம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர் விசுவாசியாயிருப்பவள் இத்தனை நாள் அழலாமா என்று கேட்டது முதல், உன் விசுவாசமே பழுதுபட்டுவிட்டதோ என்ற சந்தேகம் உன்னை அரிப்பதாகவும் எழுதியிருக்கிறாய். லாசருவின் கல்லறையண்டையில் நம் ஆண்டவரே அழுதிருக்கிறார் என்பதை அந்த உறவினர் மறந்துவிட்டார் போலும். அவரைக் குறித்து அதற்கு மேல் எழுதக் காகிதத்தைச் செலவிட வேண்டாம்.

தேவனுடைய பலத்தைச் சார்ந்திருப்பவருக்குச் சொந்தப் பலம் ஏன் இப்படி வற்றிப்போக வேண்டும் என்று நீ கேட்பதுதான் யோசிக்கத்தக்கது. எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பார். கர்மேல் பர்வதத்தில் அத்தனை பெரிய ஜெயத்தைக் கண்ட அம்மனிதர், யேசபேலுக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து, சாவை வேண்டிக்கொண்டு தூங்கிவிட்டார். அவரிடம் அனுப்பப்பட்ட தேவதூதன் கடிந்துகொள்ளவுமில்லை, விசுவாசம் எங்கே என்று விசாரிக்கவுமில்லை; தணலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்துவிட்டு எழுப்பினான்; அவர் புசித்து மறுபடியும் உறங்கவே, இரண்டாம் முறையும் வந்து புசிக்கச் சொன்னான். ஓரேப் மலையில் கேட்ட மெல்லிய சத்தமெல்லாம் அதற்குப் பிந்தினது. ஆகையால், ஜெபத்தினிடையே உறங்கிப் போவதைப் பாவமென்று எண்ணி மனம் குமையாதே. உறங்கு.

நீ பணி செய்யும் மலையோடு சம்பந்தப்பட்ட ஓர் அம்மாளைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். லண்டனில் செல்வக் குடும்பமொன்றில் 1879ஆம் ஆண்டு பிறந்த ஈவ்லின் என்னும் அம்மாது, மிஷனெரியாக நம் நாட்டுக்கு வந்து, ஜெஸ்ஸி பிராண்ட் என்பவரை 1913இல் மணந்து, அவரோடு கொல்லிமலைக்கு ஏறினார். மலைக்காய்ச்சலும் நரம்புச் சிலந்தியும் வாட்டிய அந்த ஊர்களில் இருவருமாக மருந்து கொடுத்தும், பள்ளி நடத்தியும், வேதம் போதித்தும் வந்த காலத்தில், பிள்ளைகள் இருவரும் கல்வியின் பொருட்டு இங்கிலாந்தில் இருக்கையிலேயே, 1929ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காய்ச்சல் கண்டு ஜெஸ்ஸி இறந்துபோனார். அப்போது அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது. அதன்பின் இங்கிலாந்துக்கு வந்த தாயைக் கண்டபோது, அவர் எவ்வளவு முதுமையடைந்து ஒடுங்கிப் போயிருந்தார் என்று தாம் திடுக்கிட்டதை, பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்ப்படுத்தி உலகப்புகழ் பெற்ற அவருடைய மகன் டாக்டர் பால் பிராண்ட் பதிவு செய்திருக்கிறார். தேவனைச் சார்ந்தவர்களைத் துக்கம் தொடுவதில்லை என்று பேசுகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

அந்த அம்மாள் மீண்டும் இந்தியாவுக்கு வந்து, பல ஆண்டுகள் சமவெளியில் உழைத்து, 1947இல் முதுமையை முன்னிட்டு மிஷன் தம்மை ஓய்வில் அனுப்பத் தீர்மானித்தபோது, அதற்கு இணங்காமல் கொல்லிமலைக்கே திரும்பினார். கணவரும் தாமும் முன்பே விரும்பியபடி, பச்சைமலை, சித்தேரி, உன் கல்வராயன் மலை என்று ஐந்து மலைத்தொடர்களுக்கும் செல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். ஜாகிர்தார்களின் அதிகாரம் 1976 வரைக்கும் நீடித்த கல்வராயனில், அக்காலத்துப் பாதை எப்படியிருந்திருக்கும் என்பதைக் கச்சிராயபாளையம் தாண்டிப் பேருந்தில் வளைந்து வளைந்து ஏறும் நீயே ஊகித்துக்கொள்ளலாம். மட்டக்குதிரையிலிருந்து விழுந்தார், எலும்புகள் முறிந்தன, கால்கள் தள்ளாடியபோது இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். கீழே இறங்கி வந்துவிடும்படி மகன் எவ்வளவோ மன்றாடியும் கேட்கவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் முழுமனதாய் மெச்சுகிறேன் என்று சொல்லமாட்டேன்; உடனிருந்தவர்களுக்கு அது எத்தனை கவலையைத் தந்திருக்கும்! தொண்ணூறைக் கடந்து, குதிரைமேல் நிமிர்ந்து உட்காரவும் இயலாத நிலையில், அவர் சாய்ந்து விழாதபடி இருவர் இருபுறமும் நடந்துவர, ஊர் ஊராகப் போனார். 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமாகி, கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்தக் குதிரையின் இருபுறமும் நடந்துவந்தார்களே, அவர்களைக் குறித்தே நான் உன்னிடம் பேச விரும்புகிறேன். அந்த அம்மாள் தேவபலத்தால் தாங்கப்பட்டார் என்று நாம் பிரசங்கத்தில் சொல்லுகிறபோது, மலைவாசிகளான அவ்விருவருடைய தோள்களும் கைகளும் அந்தப் பலத்தில் அடக்கம் என்பதை மறந்துவிடுகிறோம். அப்போஸ்தலனாகிய பவுல், தமது மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று தரம் வேண்டினார். முள் எடுக்கப்படவில்லை, கிருபை வாக்களிக்கப்பட்டது. அந்தக் கிருபை அவருக்கு வந்த வழிகளை அவருடைய நிருபங்களின் கடைசிப் பகுதிகளில் பார்: லூக்கா உடனிருக்கிறார்; விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்; பிலிப்பி சபையார் அனுப்பிய உதவியை நன்றியுடன் பெற்றுக்கொள்கிறார். கேட்டு வாங்குவதைக் கேவலமாக அவர் கருதவில்லை.

நீயோ கருதுகிறாய். சபைப் பெண்கள் சமைத்துக் கொடுத்தனுப்பியதைத் திருப்பி அனுப்பினாய் என்று கேள்விப்பட்டு வருந்தினேன். 2024 ஜூன் மாதத்தில் இந்நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதே, அந்த வீடுகளின் விதவைகளிடம் போய், கர்த்தரை நம்புங்கள் என்று மட்டும் சொல்லி வெறுங்கையோடு ஒருவன் திரும்பியிருந்தால், அதை ஊழியம் என்று நீ ஒப்புக்கொள்வாயா? பிறருக்குச் செய்யும்போது அரிசியையும் சரீர உதவியையும் தேவனுடைய இரக்கமாகக் காண்கிற நீ, உனக்கு வரும்போது மட்டும் அதை மனிதரின் தயவென்று தள்ளுவது எந்த நியாயம்? மகளே, கோபித்துக்கொள்ளாதே, அது விசுவாசமன்று, தாழ்மையைப் போல வேஷமிட்ட பெருமை.

பொருத்தனைக் காணிக்கை செலுத்தினால் பாரமெல்லாம் நாற்பது நாளில் நீங்கும் என்று உன்னிடம் சொன்ன பிரசங்கியாருக்கு ஒரு காசும் அனுப்பாதே. அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குப் பால் வாங்கு. ஜெபத்தில் வார்த்தை வராவிட்டால், மனப்பாடமாயிருக்கும் சங்கீதமொன்றைச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள். அதுவும் முடியாத நாளில் உனக்காக ஜெபிக்க இங்கே நாங்கள் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட முடியாவிட்டாலும் போய் உட்கார்ந்திரு. பக்கத்தில் இருப்பவர்கள் பாடட்டும்.

உன் பெரியம்மா வருகிற சனிக்கிழமை காலைப் பேருந்தில் வெள்ளிமலைக்கு வருகிறாள். பள்ளிக்கு முழுப்பரீட்சை முடியும்வரை உன்னோடு தங்கி அடுப்படியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். வேண்டாமென்று எழுதாதே, நிறுத்தத்துக்குப் பெரியவனை அனுப்பிவை, மூட்டை கனமாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா